தில்லியிலிருந்து வரும் கிழட்டு ஸ்கூட்டர்

தந்தை ஓட்டிய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ள எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? 15 வருஷங்களைக் கடந்த வண்டிகள் தில்லியில் ஓடலாகாதென்று 2014-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டபோது, அங்கு வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தச் சங்கடம் நேர்ந்தது. ஊருக்கு அனுப்பலாமென்றால், சென்னை 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது!

லாரிக் கம்பெனியார் வீட்டு வாசலுக்கே வந்து வண்டியை எடுத்துச் செல்வார்கள். சௌகரியந்தான், அதற்கும் சேர்த்தே கூலி வாங்குவார்கள். சிக்கனமாகக் குடித்தனம் நடத்துவோருக்கு ரயிலே துணை. அதில் இரண்டு வழிகள் உண்டு. 'லக்கேஜ்' என்று பதிந்தால் ஸ்கூட்டர் நம்முடனேயே பிரயாணம் செய்யும்; நமக்கு டிக்கெட் வேண்டும், கட்டணமும் கூடுதல். 'பார்சல்' என்றால் டிக்கெட் வேண்டாம், கட்டணமும் சாதாரணமாகக் குறைவு. ஆனால் நம் அவசரம் ரயிலுக்குத் தெரியாது.

பெட்ரோலைச் சொட்டு மிச்சமின்றி வடித்துவிட வேண்டும். ஆர்.ஸி. புத்தகத்தின் நகல் அவசியம். விளக்கையும் கண்ணாடியையும் வைக்கோலும் சாக்கும் சுற்றி இறுகக் கட்டுவதில் மட்டும் கஞ்சத்தனம் உதவாது. சேர்ந்த இடத்தில் வண்டியைக் காலத்தில் எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும்; மிச்சம் பிடித்த பணம் அதிலேயே கரைந்துவிடும்.

இத்தனையும் செய்துவிட்டு, தில்லிப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆட்சேபணையின்மைச் சான்று வாங்க மறந்தால், இங்கே மறுபதிவு நடவாது. ஸ்கூட்டர் திண்ணையை விட்டு இறங்காது.