அடுத்த அப்டேட் நம்ம டேப்பில் ஏறுமா?



இந்த மாதம் சுவர் இதழில் அறிவியல் பகுதி எழுதும் முறை எங்கள் வகுப்புக்கு வந்தது. நான் எடுத்துக்கொண்ட தலைப்பு டேப்லெட். நாம் சுருக்கமாக டேப் என்று சொல்கிறோமே, அதுதான்.

டேப் இருக்கிற வீடுகளில் அடிக்கடி ஒரு வாக்குவாதம் நடக்கும். "புதிய அப்டேட் வந்துள்ளது" என்று திரையில் காட்டும். "போடு" என்பார் ஒருத்தர். "போட்டா ஸ்லோ ஆயிடும், போடாதே" என்பார் இன்னொருத்தர். "இடம் பத்தாது, எதையாவது அழி" என்பார் மூன்றாவது ஆள். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

மெமரி ஒன்றல்ல, இரண்டு!

டேப்பில் இரண்டு வகை மெமரி உண்டு. ஒன்று ஸ்டோரேஜ். இன்னொன்று ரேம். நம் வகுப்பறையை வைத்தே சொல்கிறேன். மூலையில் இருக்கிற அலமாரிதான் ஸ்டோரேஜ். அதில் வைத்துப் பூட்டிய புத்தகமும் வரைபடமும் லீவு முடிந்து வந்தாலும் அப்படியே இருக்கும். கரும்பலகைதான் ரேம். இப்போது நடக்கிற பாடம் மட்டும்தான் அதில் இருக்கும். டேப்பை அணைத்தால் ரேமில் இருப்பது அழிந்துவிடும், ஸ்டோரேஜில் இருப்பது அழியாது.

அலமாரி எவ்வளவு பெரிசா இருந்தாலும் கரும்பலகை சின்னதா இருந்தா என்ன ஆகும்? கணக்கு பாதியில் இருக்கும்போதே இடம் தீர்ந்துவிடும். மேலே இருப்பதை அழித்து அழித்துத்தான் எழுத வேண்டும். பாட ஆப்பிலிருந்து வாட்ஸ்அப் போய்த் திரும்பி வந்தால், சில டேப்பில் பாடம் முதலிலிருந்து திறக்கும். காரணம் இதுதான். இடம் பத்தாமல் டேப் அதை அழித்துவிட்டது.

"மெமரி கார்டு போட்டா சரியாயிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். கார்டு என்பது இன்னொரு அலமாரி. அதனால் கரும்பலகை ஓர் அங்குலம்கூடப் பெரிதாகாது.

அப்டேட்டுக்கு ஏன் அவ்வளவு இடம்?

ஆண்ட்ராய்டு, ஐபேட் ஓஎஸ் போன்றவை இயங்குதளங்கள். டேப்பை நடத்துவதே அவைதான். பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதினால் ஆபத்து. பாதியில் சார்ஜ் இறங்கினால் டேப் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதனால் முதலில் புதியதை இறக்கி, பிரித்து, சரிபார்த்து, அதன் பிறகுதான் மாற்றும். இதனால்தான் இறங்குகிற ஃபைலின் அளவைவிட அதிக இடம் கேட்கிறது.

2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-ல் இதற்கு ஒரு நல்ல வழி வந்தது. இயங்குதளத்துக்கு இரண்டு இடம் ஒதுக்கும் முறை அது. பழையது ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை இன்னொன்றில் எழுதும். புதியது சரியாக எழுந்திருக்காவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும்.

இடத் தேவை எப்போதும் ஏறிக்கொண்டே போகும் என்றும் இல்லை. 2014-ல் ஐஓஎஸ் 8 போட 4.58 ஜிபி காலி இடம் வேண்டும் என்றது ஆப்பிள் நிறுவனம். 16 ஜிபி ஐபேட் வைத்திருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள். அடுத்த வருடம் 2015-ல் வந்த ஐஓஎஸ் 9-க்கு 1.3 ஜிபி போதும் என்று குறைத்தார்கள். செய்கிறவர்கள் மனம் வைத்தால் குறைக்க முடியும் என்பது இதில் தெரிகிறது இல்லையா?

ரேம் மட்டும் இறங்கவில்லை

அலமாரி விஷயம் அப்படி. கரும்பலகை விஷயம் வேறு. 2010-ல் வந்த முதல் ஐபேடில் ரேம் 256 எம்பி. 2012-ல் வந்த ஐஓஎஸ் 6 அதற்குக் கிடைக்கவில்லை. இரண்டே வருடம்தான்! 2011-ல் வந்த ஐபேட் 2-ல் 512 எம்பி. அதற்கு 2015-ன் ஐஓஎஸ் 9 வரை கிடைத்தது. புராசசரும் மாறியதால் ரேம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கும் பெரிய பங்கு உண்டு.

ஆண்ட்ராய்டைப் பாருங்கள். விலை குறைந்த கருவிகளுக்காக 'ஆண்ட்ராய்டு கோ' என்று ஒன்று உண்டு. 2017-ல் அது 512 எம்பி ரேமிலேயே ஓடும் என்றார்கள். 2022-ல் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது குறைந்தது 2 ஜிபி வேண்டும் என்றாகிவிட்டது. ஐந்தே வருடத்தில் நான்கு மடங்கு!

இனி என்ன வரும்? என் ஊகம்

இனி வரும் அப்டேட்டுகளில் செயற்கை நுண்ணறிவு அதிகமாக இருக்கும். அது டேப்புக்குள்ளேயே ஓட வேண்டுமானால் எவ்வளவு ரேம் வேண்டும்? ஒரு கணக்குப் போடலாம். ஆப்பிள் 2024-ல் தன் கருவிகளுக்குள் வைத்த மொழி மாதிரியில் சுமார் 300 கோடி எண்கள். ஓர் எண்ணுக்கு அரை பைட் என்று வைத்தால் 150 கோடி பைட். அதாவது சுமார் 1.5 ஜிபி. பதில் சொல்லும்போது இவ்வளவும் கரும்பலகையில் இருக்க வேண்டும். இயங்குதளமும் நம் ஆப்புகளும் அதே பலகையில்தான் இருக்கின்றன. 2 ஜிபி, 3 ஜிபி டேப்பில் இது எங்கே உட்காரும்?

இது வெறும் கற்பனை இல்லை. 2025-ல் வந்த ஐபேட் ஓஎஸ் 26, 2020-ல் வந்த 3 ஜிபி ரேம் ஐபேடிலும் ஏறுகிறது. ஆனால் அதில் உள்ள ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற பகுதி, குறைந்தது 8 ஜிபி ரேம் உள்ள ஐபேடுகளில்தான் வேலை செய்கிறது. ஸ்டோரேஜிலும் 7 ஜிபி கேட்கிறது. 2025-ல் புதிதாக வந்த, விலை குறைந்த 6 ஜிபி ஐபேடுக்குக்கூட அது கிடைக்கவில்லை.

அதனால் என் ஊகம் இது. இனி அப்டேட் பல டேப்களில் ஏறும். ஆனால் அதில் உள்ள புதிய வசதி பெரிய ரேம் உள்ள டேப்பில் மட்டும்தான் திறக்கும். ஒரே அப்டேட், இரண்டு வகைப் பிள்ளைகள்.

நமக்கு இதில் என்ன?

எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு 2020-ல் கொரோனா லீவின்போது ஆன்லைன் வகுப்புக்காக டேப் வாங்கினார்கள். அவங்க அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துத்தான் வாங்கினாங்க. கடைக்காரர் "32 ஜிபி மெமரி, தாராளம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஸ்டோரேஜ் 32 ஜிபிதான். ரேம் 1 ஜிபி. தவணை முடியும் முன்னாலேயே டேப் திணற ஆரம்பித்துவிட்டது. ரேம் எவ்வளவு என்று அந்த அம்மா கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை. நாம் சொல்லலாமே! அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நினைவில் வையுங்கள்:

1. கடையில் "மெமரி எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "ரேம் எவ்வளவு? ஸ்டோரேஜ் எவ்வளவு?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். "எத்தனை வருடம் அப்டேட் வரும்?" என்பது மூன்றாவது கேள்வி.

2. பெட்டியில் 32 ஜிபி என்று இருந்தாலும் முழுவதும் நமக்கு இல்லை. இயங்குதளமே அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

3. அப்டேட் போடும் முன் சார்ஜ் ஏற்றுங்கள். முக்கியமான படங்களையும் பாடங்களையும் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

4. அப்டேட்டே வேண்டாம் என்று இருக்காதீர்கள். அதில் பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். ரொம்பப் பழைய இயங்குதளத்தை ஆப்புகளும் கைவிட்டுவிடும். 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ளவற்றை வாட்ஸ்அப் கைவிட்டது.

5. இடம் பத்தாவிட்டால் பாட வீடியோவில் முதலில் கை வைக்காதீர்கள். ஒரே டேப்பை வீடே பயன்படுத்தும்போது முதலில் அழிக்கப்படுவது பிள்ளைகளின் பாடம்தான். வாட்ஸ்அப்பில் குவிந்திருக்கும் காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் அழித்துப் பாருங்கள். எவ்வளவு இடம் வருகிறது என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்!

இன்று வீட்டுக்குப் போனதும் செட்டிங்ஸில் 'டேப்லெட் பற்றி' என்ற பகுதியைத் திறந்து, உங்கள் ரேமையும் ஸ்டோரேஜையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். டேப் இல்லாதவர்கள் வீட்டில் இருக்கும் போனைப் பார்த்து எழுதலாம். எல்லாத் தாளையும் சேர்த்து அடுத்த இதழில் ஒரு பட்டியல் போடுகிறேன். யார் வீட்டில் டேப் வாங்கினாலும் அது உதவும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி