மருந்துதான் குணப்படுத்தியதா?

காய்ச்சல் வந்தால் மாத்திரை சாப்பிடுகிறோம். மூன்று நாளில் உடல் தேறுகிறது. மாத்திரையால் தேறியதா, தானாகவே தேறியதா? ஒருவரை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. பலரை முறையாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒப்பீட்டைத் திட்டமிட்டு, கிடைக்கும் தகவல்களை ஆராயும் துறையே உயிரியல் புள்ளியியல்.

பிரிட்டனில் நடந்த காசநோய் ஆய்வு ஒன்றின் முடிவுகள் 1948ஆம் ஆண்டு வெளிவந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் புதிய மருந்து அப்போது அங்கே மிகக் குறைவாகவே கிடைத்தது. 107 நோயாளிகளில் 55 பேருக்கு அம்மருந்தும் படுக்கை ஓய்வும் தரப்பட்டன. 52 பேருக்கு அன்றைய வழக்கப்படி ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதை மருத்துவர்கள் முடிவு செய்யவில்லை. தற்செயல் எண்களைக் கொண்டு முன்பே தீர்மானித்து, மூடிய உறைகளில் வைத்திருந்தார்கள். ஏன் இந்த ஏற்பாடு? மருத்துவரே தேர்ந்தெடுத்தால், பிழைத்துவிடுவார் என்று தோன்றியவருக்கே மருந்தைக் கொடுத்துவிடக்கூடும். பிறகு அவர் பிழைத்தது மருந்தாலா, உடல்வலுவாலா என்று யாரால் சொல்ல முடியும்?

ஆறு மாதத்தில், மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தனர்; பெறாதவர்களில் 14 பேர் இறந்தனர். இந்த ஆய்வை வடிவமைத்த ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் மருத்துவர் அல்லர். இளமையில் தமக்கே காசநோய் வந்ததால் மருத்துவம் படிக்க இயலாமல், அஞ்சல்வழியில் பொருளியல் பயின்றவர்.

இன்று இத்துறையில் முனைவர் பட்டம் பெற ஏறத்தாழ நான்கைந்து ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் நிகழ்தகவு, கணினி நிரலாக்கம் போன்ற பாடங்களும் தகுதித் தேர்வும் இருக்கும். அதுவரை எல்லாம் விடை தெரிந்த கணக்குகள்தாம். கடினமான பகுதி அதன்பின் தொடங்குகிறது. யாரும் இன்னும் முழுமையாகத் தீர்க்காத ஒரு சிக்கலை மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, இரத்த அழுத்த மருந்து ஒன்றை 200 பேரிடம் ஓராண்டு சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் 150 பேரே பரிசோதனைக்கு வருகிறார்கள். மற்ற 50 பேர் என்ன ஆனார்கள்? வீடு மாறிப் போயிருந்தால் பெரிய கவலையில்லை. மருந்து ஒத்துக்கொள்ளாமல் நின்றிருந்தால்? வந்தவர்களின் சராசரியை மட்டும் பார்த்தால், மருந்து உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். அதை நம்பிப் பல்லாயிரம் பேர் அம்மருந்தை உட்கொள்ளக்கூடும்.

இப்படி விடுபட்ட தகவல்களைக் கையாள மாணவர் ஒரு புதிய முறையை உருவாக்குகிறார். அது சரியா என்று எப்படி அறிவது? கணினியில் கற்பனை நோயாளிகளை உருவாக்குகிறார். மருந்தின் பலன் எவ்வளவு என்பதைத் தாமே முடிவு செய்து, சிலரின் தகவல்களை வேண்டுமென்றே அழிக்கிறார். எஞ்சியதை வைத்து அந்தப் பலனைத் தம் முறை சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்று ஆயிரக்கணக்கான தடவை சோதிக்கிறார். நிரலில் ஒரே ஒரு குறி தவறியதால் பல வார உழைப்பு வீணாவதும் உண்டு!

கணிதம் மட்டும் இதற்குப் போதாது. நோயாளிகள் ஏன் வராமல் போனார்கள் என்பதை மருத்துவர்களிடமும் தாதியர்களிடமும் கேட்டறிய வேண்டும். அந்த விடை எந்தச் சூத்திரத்திலும் இல்லை.

இறுதியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்து, வாய்மொழித் தேர்வைச் சந்திக்க வேண்டும். “உங்கள் முறை எப்போது தவறான விடை தரும்?” என்று தேர்வாளர் கேட்கலாம். அதற்குப் பதில் தெரியாத மாணவர் மீண்டும் தம் கணினியின் முன் அமர வேண்டியதுதான்.