சட்டை போடச் சொல்லித்தரும் உத்தியோகம்!

காலை 9 மணி. ஒரு வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிறது. தோளில் பை தொங்க ஒரு பெண் இறங்கி வந்து கதவைத் தட்டுகிறாள்.

உள்ளே இருப்பவள் 78 வயதுக் கிழவி. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள். வீடு திரும்பிப் பத்து நாள்தான் ஆகிறது. இடது கை சொன்னபடி கேட்பதில்லை. கணவர் காலமாகிவிட்டார். மகன் வேறு மாநிலத்தில் இருக்கிறான்.

"சட்டையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், பார்ப்போம்" என்கிறாள் வந்தவள்.

கிழவிக்குக் கோபம் வருகிறது.

"எனக்கு ஒத்தாசை செய்யத்தானே உன்னை அனுப்பினார்கள்? நீ போட்டுவிட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகுமே!"

வந்தவள் சிரிக்கிறாள். ஆனால் சட்டையைத் தொடவில்லை.

"வராத கையை முதலில் நுழையுங்கள். நல்ல கை கடைசியில்" என்று மட்டும் சொல்கிறாள்.

கால் மணி நேரம் ஆகிறது. சட்டை ஏறிவிட்டது. ஒரு பொத்தான் இடம் மாறிப் போயிருக்கிறது. ஆனால் கிழவியின் முகத்தில், கோட்டையைப் பிடித்துவிட்ட பெருமை!

அமெரிக்காவில் வீடு வீடாகத் தினமும் நடக்கும் காட்சி இது. வந்த பெண் நர்சு அல்ல, வேலைக்காரியும் அல்ல. 'ஆக்குப்பேஷனல் தெரபி' உதவியாளர்.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்

'ஆக்குப்பேஷன்' என்றதும் ஏதோ வேலை தேடித் தரும் உத்தியோகம் என்று நினைத்துவிடக் கூடாது. பல் துலக்குவது, குளிப்பது, உடுத்துவது, சமைப்பது என்று மனிதன் அன்றாடம் செய்யும் காரியங்கள் எல்லாம் அந்தச் சொல்லில் அடங்கும். நோயோ விபத்தோ அந்தக் காரியங்களைப் பறித்துக்கொண்டால், அவற்றைத் திரும்பப் பழக்குவதுதான் இந்தச் சிகிச்சை. செயல்முறைச் சிகிச்சை என்று தமிழில் சொல்லலாம்.

இதற்கு வித்திட்டவர்களில் ஒருவரே ஒரு நோயாளி! அவர் பெயர் ஜார்ஜ் எட்வர்டு பார்ட்டன், கட்டடக் கலைஞர். காசநோயால் அவதிப்பட்டவர். கால் விரல்களை இழந்தார். இடது பக்கமும் செயலற்றுப் போயிற்று. தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

1917-ம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க் மாநிலத்தின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், அவருடைய வீட்டில் ஆறு பேர் கூடிச் சங்கம் அமைத்தார்கள். முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு இந்தச் சிகிச்சை கைகொடுத்தது. அதன் பிறகு நன்றாக வேரூன்றிவிட்டது.

இரண்டு வருஷப் படிப்பு

இந்தத் துறையில் இரண்டு படிகள் உண்டு.

மேல்படியில் இருப்பவர் சிகிச்சை நிபுணர். அவர்தான் நோயாளியைச் சோதித்து, 'இத்தனை வாரத்துக்குள் தானே குளிக்க வேண்டும், தானே உடுத்த வேண்டும்' என்று திட்டம் போடுவார்.

அந்தத் திட்டத்தை நடத்திக் காட்டுபவர் உதவியாளர். இவருக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பு. அதில் 16 வாரம் முழுநேர நேரடிப் பயிற்சி. பிறகு தேசியப் பரீட்சை. அதற்கு மேல் மாநில அரசின் லைசென்சு வேண்டும்.

திட்டத்தைத் தம் இஷ்டப்படி மாற்ற உதவியாளருக்கு அதிகாரம் இல்லை. 'மெடிக்கேர்' என்னும் அரசாங்க மருத்துவ இன்ஷூரன்சில் ஒரு விதி உண்டு. வீட்டுச் சிகிச்சையில் குறைந்தது 30 நாளுக்கு ஒரு முறை நிபுணரே நேரில் வந்து நோயாளியைப் பார்த்தாக வேண்டும்.

ஆனால் அடிக்கடி வந்து போகிறவர் உதவியாளர்தான். கிழவி சாப்பிடாமல் இருப்பதும், இரவில் அழுவதும் பெரும்பாலும் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

பூனையும் கம்பளமும்

ஆஸ்பத்திரியில் தரை சமமாக இருக்கும். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும். அங்கே நன்றாக நடந்தவர், வீட்டுக்கு வந்ததும் தடுமாறுவார்.

வீட்டில் குளியல் தொட்டியின் விளிம்பு முழங்கால் உயரம். வழியில் சுருண்டு கிடக்கும் சிறு கம்பளம். காலைச் சுற்றி வரும் பூனை. விளக்கில்லாத நடை.

இவைதான் உதவியாளரின் எதிரிகள்! அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களில், நான்கில் ஒருவருக்கு மேல் ஆண்டுதோறும் கீழே விழுகிறார்கள். ஒரு முறை இடுப்பு எலும்பு முறிந்தால், பலருக்குப் பழைய வாழ்வு திரும்புவதில்லை.

அதனால் கம்பளம் சுருட்டி வைக்கப்படுகிறது. தொட்டியின் மேல் நீண்ட பலகை ஆசனம் ஏறுகிறது. கிழவி வெளியிலேயே அதில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தால் போதும். குனிய முடியாதவருக்கு நீண்ட கைப்பிடியுள்ள ஸ்பாஞ்சு. கீழே விழுந்ததை எடுக்க இடுக்கி பொருத்திய கோல். காலுறை மாட்ட ஒரு வளைந்த தகடு.

எல்லாம் எளிய சாமான்கள்தாம். எதை யாருக்கு, எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் படிப்பின் பயன் தெரியும்.

காரே ஆபீஸ்

உதவியாளரின் பாடு சுலபமானது அல்ல. ஒரு நாளில் ஐந்தாறு வீடுகள். நடுவே கார்ப் பயணம். மத்தியானச் சாப்பாடு பல நாள் காரிலேயே முடிந்துவிடும்.

பல கம்பெனிகள் மாதச் சம்பளம் தருவதில்லை. ஒரு வீட்டுக்குப் போய் வந்தால் இவ்வளவு என்று கணக்கு. நோயாளி, "இன்று வர வேண்டாம்" என்று டெலிபோன் செய்துவிட்டால் அந்தக் காசு போயிற்று! ராத்திரி உட்கார்ந்து எழுதும் குறிப்புகளுக்குத் தனிக் கூலி கிடைப்பதும் அரிது.

மேலே இருந்து வரும் நெருக்கடி வேறு. 2019-ம் ஆண்டு வரை, சிகிச்சைக்காக எத்தனை முறை வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் பார்த்து மெடிக்கேர் பணம் கொடுத்தது. தேவைக்கு மேல் போகும் ஆசை அப்போது கம்பெனிகளுக்கு இருந்தது. 2020 ஜனவரியில் அந்தக் கணக்கு எடுக்கப்பட்டது. நோயாளியின் நிலையைப் பொறுத்து 30 நாளுக்கு ஒரு தொகை என்று ஆயிற்று. இப்போது தேவைக்குக் குறைவாகப் போகும் ஆசைக்கு இடம் ஏற்பட்டுவிட்டது!

சட்டைக்குக் கால் மணி நேரம் காத்திருப்பவளின் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தானே மாட்டிவிட்டால் அடுத்த வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம். ஆனால் நாளைக் காலையில் கிழவிக்கு யார் மாட்டிவிடுவது?

திரையில் முடியுமா?

2020-ல் கொரோனா வந்தபோது, பலர் கம்ப்யூட்டர் திரை வழியே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். அதில் நன்மையும் இருந்தது. நூறு மைல் தள்ளி இருப்பவரின் சமையலறையைப் பார்த்து, எந்தச் சாமானை எங்கே வைக்கலாம் என்று சொல்ல முடிந்தது. அம்மாவை எப்படித் தூக்கி உட்கார வைப்பது என்று மகளுக்குக் கற்றுக்கொடுக்க முடிந்தது.

ஆனால் தொட்டியில் கால் வைக்கும்போது வழுக்கினால், திரைக்கு அப்பால் இருப்பவர் பிடிக்க முடியுமா? சட்டை போடும்போது தோள் வலிக்கிறதா என்று தொட்டுப் பார்க்க முடியுமா? திரையில் பேசியதை, வீட்டுக்கு நேரில் போனதற்குப் பதிலாக மெடிக்கேர் கணக்கில் வைக்க முடியாது. அந்த விதி அர்த்தமில்லாதது அல்ல.

இனி வர வேண்டாம்!

வாரங்கள் ஓடுகின்றன. கிழவி பத்து நிமிஷத்தில் சட்டை போடுகிறாள். பிறகு ஐந்து நிமிஷத்தில். பொத்தான்கள் சரியான இடத்தில் இருக்கின்றன.

அவள் முன்னே இருந்த வழிகள் இரண்டு. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டால் சொந்த வீடு. முடியாவிட்டால் முதியோர் விடுதியில் ஒரு கட்டில். இது அவளுக்கும் தெரியும், வந்து போனவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

கடைசி நாள் வருகிறது. கதவைத் திறக்கும் கிழவி, "உட்கார்" என்கிறாள். வழுக்காத ரப்பர் விரிப்பின் மேல் கோப்பையை வைத்து, நல்ல கையால் காப்பி ஊற்றுகிறாள். ஒத்தாசை செய்ய வந்தவள் எழுந்திருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை!

இனி அந்த வீட்டில் அவளுக்கு வேலை இல்லை. அதற்காகத்தான் அவள் இத்தனை நாள் வந்தாள்.