கம்பி கட்டிய பல்லோடு அத்தோ சாப்பிடலாமா?

பல்லுக்குக் கிளிப் போட்ட அன்று டாக்டர் ஒரு தாள் கொடுப்பார். பாப்கார்ன் கூடாது, ஐஸ் கட்டி கூடாது, ஆப்பிளை அப்படியே கடிக்கக் கூடாது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இருப்பவர்களுக்கு அந்தத் தாள் பாதி வழிதான் வரும். கடற்கரை ஸ்டேஷன் பக்கம் விற்கிற நூடுல்ஸ் வகையான அத்தோவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. நண்டுக் காலைப் பற்றியும் இருக்காது.

அத்தோ சாப்பிடலாம். மேலே நொறுக்கிப் போடும் தட்டையை மட்டும் வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நூடுல்ஸும் மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸும் கம்பியில் சுற்றிக்கொள்ளும். முடித்ததும் வாயை நன்றாகக் கொப்பளித்தால் பெரும்பாலும் வந்துவிடும். கூடவே தரும் வாழைத்தண்டு சூப்பில் தொந்தரவில்லை.

கம்பியைத் தாங்கும் அந்தச் சின்ன உலோகத் துண்டுக்குப் பிராக்கெட் என்று பெயர். பாஸ்பாரிக் அமிலத்தைத் தடவி எனாமலைச் சொரசொரப்பாக்கி, பசை வைத்து, நீல ஒளி காட்டி அதை ஒட்டுகிறார்கள். சிகிச்சை முடிந்தபின் எனாமல் பெயராமல் கழற்ற வேண்டுமே. அதனால் அந்தப் பிடிமானமும் அளவாகத்தான் இருக்கும். சாதம், இட்லி, மீன் எல்லாம் தாங்கும். முறுக்கை முன்பல்லால் கடித்தால் தாங்காது. கடலை மிட்டாய், பொங்கல் கரும்பு, மிளகாய்ப்பொடி தூவிய காய் மாங்காய் மூன்றுக்கும் இதே கதி. மாங்காயைச் சின்னச் சின்னக் கீற்றாக அரிந்து கடைவாயில் வைத்து மென்றால் பிரச்சினை குறைவு. கரும்பை ஜூஸாகக் குடித்துக்கொள்ள வேண்டியதுதான். நண்டு ஓட்டை அம்மிக் குழவியால் தட்டி உடைத்து, சதையை மட்டும் வாய்க்குக் கொண்டுபோங்கள். எறா, வஞ்சிரம் துண்டு இரண்டுக்கும் தடையில்லை. மொறுமொறுவென்று பொரித்த நெத்திலியும் முள் நிறைந்த கவலை மீனும்தான் கம்பிக்கடியில் போய் மாட்டும். மாவா போடுகிறவருக்குப் பல் டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே பாக்குத் தூள் பதில் சொல்லிவிடும்: பிராக்கெட் பெயரும், ஈறும் கெடும்.

பிராக்கெட் ஒன்று பெயர்ந்தால் என்ன குடி முழுகிப்போகிறது என்று தோன்றலாம். பல் எலும்பில் நேராகப் பதிந்திருக்கவில்லை; நடுவில் மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கம்பி ஒரு பக்கமாகத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்து எலும்பை உடலே கரைக்கிறது. இழுபடும் பக்கம் புது எலும்பைப் போடுகிறது. இப்படிக் கரைந்தும் கட்டியும் பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் நகரும். 18 முதல் 24 மாதம் ஆகிறது என்றால் காரணம் அதுதான். பிராக்கெட் போன பல் மட்டும் நின்றுவிடும், சில சமயம் வந்த வழியே திரும்பியும் போகும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், போன நாட்களை யாரும் திருப்பித் தர முடியாது.

முதல் முறை கட்டியபோதும், ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் மூன்று நான்கு நாள் பல் கூசும், மெல்ல வலிக்கும். ரசம் சாதம், மோர் சாதம், இடியாப்பம் என்று ஓட்டுங்கள். ஆரம்ப மாதங்களில் போடுவது பெரும்பாலும் நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்து, 1970களில் பல் மருத்துவத்துக்கு வந்த உலோகம் அது. அதில் சூட்டுக்கு விறைக்கிற ரகம் உண்டு. சூடான டீ குடித்ததும் பல்லை யாரோ இழுப்பதுபோல இருந்து, குளிர்ந்த தண்ணீர் குடித்தால் அடங்குகிறது என்று சிலர் சொல்வது மனப்பிரமை இல்லை.

டீ என்றதும் இன்னொன்று. மணலியிலும் எண்ணூரிலும் ஷிப்டு பார்ப்பவருக்கு ஒரு ஷிப்டுக்குள் நாலைந்து டீ சகஜம். ஒவ்வொரு முறை சர்க்கரை உள்ளே போகும்போதும் வாயிலுள்ள கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. அது தணிய அரை மணி நேரம்வரை ஆகும். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கியிருந்தால் அந்த அமிலம் அங்கேயே உட்கார்ந்து எனாமலை அரிக்கும். இதில் வலி தெரியாது. இரண்டு வருஷம் கழித்துக் கிளிப்பைக் கழற்றும்போதுதான், பிராக்கெட் இருந்த சதுரம் சுத்தமாகவும் அதைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைத் தழும்பும் தெரியும். பல் வரிசை நேராகிவிட்டது, ஆனால் சிரித்தால் தழும்பு. கிளிப் போட்டவரை நான் பயப்படச் சொல்வது இந்த ஒன்றுக்குத்தான்; உடைந்த பிராக்கெட்டை மறுபடி ஒட்டலாம்.

ஆகவே டீயில் சர்க்கரையைக் குறையுங்கள், குடித்ததும் தண்ணீரால் கொப்பளியுங்கள். ராத்திரிப் பல் துலக்கலுக்கு நிதானமாக நேரம் கொடுங்கள். பிரஷ்ஷைச் சாய்த்து, பிராக்கெட்டுக்கு மேலே ஈறோரம் ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. பிறகு உள்பக்கமும் மெல்லும் பக்கமும். கம்பிக்கடியில் நுழைய, புட்டி கழுவும் பிரஷ்ஷின் குட்டி போன்ற ஒரு பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கும். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் போதும். பல்பொடி, கரித்தூள், அடுப்புச் சாம்பல் எல்லாம் கம்பியோரம் படிந்து எனாமலைத் தேய்க்கும்.

கம்பியைப் பிடித்துவைக்கும் குட்டி ரப்பர் வளையத்துக்கு நிறம் கேட்பார்கள். நிறமில்லாததைக் கேட்டு வாங்கினால் மீன் குழம்பு மஞ்சள் ஏறி இரண்டு மூன்று நாளில் பழுத்துப்போகும், நீலம் பச்சையாகலாம். சாம்பல் நிறம் கேளுங்கள். அடுத்த முறை போகும்போது வளையத்தை எப்படியும் மாற்றிவிடுவார்கள்.

கம்பி நுனி கன்னத்தில் குத்தினால், டாக்டர் தரும் மெழுகில் பட்டாணி அளவு உருட்டி, நுனியைத் துடைத்துவிட்டு அதன்மேல் அமுக்குங்கள். புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். ஃபிட்டர் வேலை பார்ப்பவர் வீட்டில் கட்டிங் பிளையர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். அதை எடுத்து வாய்க்குள் விடாதீர்கள். வெட்டிய துண்டு மூச்சுக் குழாய்க்குள் போகலாம். பிராக்கெட்டை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும். விடாத இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அந்த நிமிஷமே ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

காசிமேட்டில் விசைப்படகில் போகிறவருக்கு ஒரு யோசனை. நடுக்கடலில் கம்பி அவிழ்ந்தால் கரை சேரும்வரை மெழுகுதான் துணை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். கிளிப்பை அப்போது போட்டுக்கொண்டால், வலியும் புண்ணும் கழண்டு விழுதலும் அதிகமுள்ள முதல் இரண்டு மாதம் கரையிலேயே கழிந்துவிடும். அதற்கப்புறம் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வந்தால் போதும்.

பாக்ஸிங் பழகும் பிள்ளைகள் கோச்சிடமும் டாக்டரிடமும் சொல்லியே தீர வேண்டும். கொதிநீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் சாதாரணப் பல்காப்பு, கம்பிமேல் இறுகிக்கொண்டால் பிராக்கெட்டையும் சேர்த்துப் பிடுங்கும்; பல் நகர நகர அளவும் மாறும். கிளிப்புக்கென்று இடம்விட்டுச் செய்தது தனியாகக் கிடைக்கிறது. அது இல்லாமல் ஒரு குத்து வாங்கினால் உதட்டின் உள்பக்கம் கிழியும்.

செலவு நினைத்துத் தயங்குபவர்களுக்கு: 1953-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. எண்ணூரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ கடற்கரை வந்து வண்டி மாறினால் அடுத்த ஸ்டேஷன். பல் சீரமைப்புக்கு அங்கே தனித் துறை உண்டு. கற்பிக்கும் மருத்துவமனை என்பதால் காத்திருக்க வேண்டும். ஆரம்பித்த பட்டமேற்படிப்பு டாக்டர் படிப்பு முடித்துப் போக, நடுவில் வேறொருவர் கைக்கு மாறலாம். தேதி தவறாமல் போகிறவருக்கு அதெல்லாம் பெரிய குறையில்லை.

கிளிப் கழற்றிய பின்பு, பல்லைப் புது இடத்திலேயே நிறுத்தும் ரிடெய்னர். நார்த்திசு புது இடத்துக்குப் பழகப் பல மாதம் ஆகும். அதுவரை பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். டாக்டர் சொல்லும் காலம் வரை போடுங்கள். ராத்திரி மட்டும் போடுவது வருஷக்கணக்கில் தொடரும். வெந்நீரில் கழுவினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். ரிடெய்னர் அதிகம் தொலைவது சாப்பாட்டு நேரத்தில்தான்: கழற்றிப் பேப்பரில் சுற்றித் தட்டோரம் வைப்பார்கள், எச்சில் தட்டோடு அதுவும் குப்பைக்குப் போகும். டப்பா சட்டைப் பையிலேயே இருக்கட்டும். தொலைந்துவிட்டால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சில வாரம் தள்ளிப்போட்டால் பழைய அச்சில் செய்த புது ரிடெய்னர் பல்லில் உட்காராது.