மாதச் சந்தாவும் பயனீட்டாளர் உரிமையும்

மாதக் கட்டணம் செலுத்திப் பெறும் சேவைகள் இன்று தோட்டப்புறங்களிலும் பெருகியுள்ளன. பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பு, கணினி வகுப்பு, இளைஞர்களுக்கு உடற்பயிற்சி நிலையம், வீட்டுச் சாதனங்களின் பராமரிப்பு எனப் பலவற்றுக்கும் நாம் சந்தா கட்டி வருகிறோம். இடையில் விலக விரும்பினால், "ஓராண்டுக்குக் கையொப்பமிட்டீர்கள்; முழுத் தொகையையும் கட்டியே தீரவேண்டும்" என்று சிலர் கூறுவதுண்டு. பால் மரம் வெட்டி ஈட்டிய ஊதியத்தை வாய் பேசாமல் கொடுத்துவிடுவோரும் உளர். ஆனால் சட்டம் அவ்வாறு கூறவில்லை.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைகளுக்கான ஒப்பந்தங்களைப் பற்றியதாகும். இத்தகைய ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் இடையில் முடித்துக்கொண்டால், சேவை வழங்குபவர் மூன்று தொகைகளை மட்டுமே கோரலாம். முதலாவது, ஒப்பந்தத்தின் முழு விலையில் 5 விழுக்காடு. இரண்டாவது, பயனீட்டாளர் தம்மிடம் வைத்துக்கொண்ட பொருள்களின் விலை. மூன்றாவது, அதுவரை பெற்ற சேவையின் விலை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாதம் 100 வெள்ளி வீதம் ஓராண்டு வகுப்புக்கு 1,200 வெள்ளியை ஒருவர் முன்னதாகவே கட்டிவிட்டார். அவருடைய மகள் மூன்று மாதங்கள் படித்தபின் வகுப்பை விட்டுவிட்டாள். 50 வெள்ளி பெறுமானமுள்ள நூல்கள் அவளிடம் உள்ளன. 5 விழுக்காடான 60 வெள்ளி, நூல்களுக்கு 50 வெள்ளி, மூன்று மாதங்களுக்கு 300 வெள்ளி, ஆக 410 வெள்ளியே வகுப்பு நடத்துபவருக்குரியது. எஞ்சிய 790 வெள்ளி பெற்றோருக்குரியது.

"கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று பற்றுச்சீட்டில் அச்சிட்டிருந்தாலும் இவ்வுரிமை அழிவதில்லை. மேலும், நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எதிரான விதிகள் 2011 பிப்ரவரி 1 முதல் இச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளன.

நம்மிடையே சிறுதொழிலாக வகுப்பு நடத்தும் இளைஞர்களும் இவற்றை அறிந்து நடத்தல் வேண்டும். சேவைக் கட்டணத்தையும் பொருள்களின் விலையையும் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். விலகுவோருக்குரிய பணத்தை உடனே திருப்பித் தரும் வகையில், முன்பணம் முழுவதையும் செலவிட்டுவிடாதிருத்தல் நலம்.

விலக விரும்பும் பயனீட்டாளர் அதனைக் கடிதமாக எழ்தித் தந்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். ஒப்பந்தத்தையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்தட்டும். பணம் திரும்பக் கிடைக்காவிடில், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி மட்டுமே. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை மன்றம் விசாரிக்கும். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. நாமே நேரில் நம் குறையை எடுத்துரைக்கலாம். கோரிக்கைக்கான காரணம் எழுந்த மூன்றாண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாதிருப்பது குற்றமாகும்.

கையொப்பமிடுமுன் படித்தறிவோம், படிக்க இயலாதோர் அறிந்தவரைக் கொண்டு படிப்பித்துக் கேட்போம். உழைத்துப் பெற்ற ஒவ்வொரு வெள்ளியையும் காப்பது நம் கடமையாகும்.