முற்றத்து அறைக்கும் மாடி அறைக்கும் மின்சாரம்: ஒரு வைத்தியரின் எச்சரிக்கை



2024 ஜூன் 12 அதிகாலை, நமக்குப் பக்கத்து ஊரான மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் எரிந்ததை நாம் மறக்க முடியாது. சுமார் 50 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். தரைத்தளத்தில் ஹாரிஸ் அறையில் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்தான் காரணம் என்று தீயணைப்புப் படை அறிவித்தது. பலரின் உயிரைப் பறித்தது நெருப்பல்ல, புகை. அதனால்தான் இம்முறை பிரஷர், சுகர் பற்றி எழுதாமல் மின்சாரம் பற்றி எழுதுகிறேன்.

ஹாரிஸ் அறை, முற்றத்துச் சமையலறை, மொட்டைமாடி அறை ஆகியவற்றுக்குப் பல இடங்களில் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்தே மின்சாரம் கொடுக்கிறார்கள். இதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன.

முதலாவது சூடு. நம் 13 ஆம்பியர் பிளக் 240 வோல்ட்டில் தாங்குவது ஏறத்தாழ 3,100 வாட். விண்டோ ஏசி ஒன்றே 2,000 வாட் வரை இழுக்கும். அதே வயரில் கெட்டிலும் சேர்ந்தால் அளவு மீறிவிடும். சுருட்டி வைத்த வயர் இன்னும் விரைவாகச் சூடாகும். வெயிலில் கிடந்தால் மேலுறை வெடிக்கும்.

இரண்டாவது ஷாக். நெஞ்சு வழியே 50 முதல் 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். வியர்வையில் நனைந்த தோலில் மின்சாரம் எளிதாகப் பாயும். சாதாரண பிரேக்கர் 20 ஆம்பியர், அதாவது 20,000 மில்லி ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். அது வயரைக் காக்கும், மனிதனைக் காக்காது. 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான், மின்சாரம் உடம்பு வழியாக நிலத்துக்குக் கசிந்தால் கண நேரத்தில் துண்டிக்கும். ஆகவே இரண்டும் வேண்டும்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை:

1. மெயின் பெட்டியிலிருந்து அந்த அறைக்குத் தனி லைன், தனி பிரேக்கர், 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச்.
2. வெளியே போகும் வயர் குழாய்க்குள் போக வேண்டும், எர்த் கட்டாயம்.
3. ஏசிக்குத் தனி இணைப்பு.
4. வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே செய்ய வேண்டும்.

ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

ஒருவருக்கு ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். 112-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

எழுந்து நடந்தாலும், மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, தீக்காயம் இவற்றில் ஒன்று இருந்தால் வைத்தியசாலைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இருக்கலாம்.

"நம் வீடு இல்லையே, எப்படிக் கேட்பது?" என்று தயங்க வேண்டாம். வீடு அவருடையது, அதற்குள் உறங்கும் உயிர் நம்முடையது.