பொலிகுதிரை விளம்பரமும் வாட்ச்மேன் சுரப்பியும்

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ஆஸ்திரேலிய தேசிய நூலகம் மின்வடிவில் ஏற்றியிருக்கும் பழைய நாளிதழ்களைப் புரட்டினால், 19ஆம் நூற்றாண்டுப் பக்கங்களில் பொலிகுதிரை விளம்பரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் ஆகஸ்ட், செப்டம்பரில் முளைக்கிற இவை கிறிஸ்துமஸ் நெருங்கும்போது காணாமல் போய்விடுகின்றன. மற்ற மாதங்களில் குதிரைக்காரர்களுக்குக் காசு கசக்குமா?”

காசு கசக்கவில்லை. பெட்டைக் குதிரை ஒத்துழைக்கவில்லை.

அந்த விளம்பரங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. குதிரையின் பெயர், நிறம், உயரம்; பிறகு அரைப் பத்திக்கு வம்சாவளி. கட்டணம் கினியில், குதிரையைப் பிடித்து வருபவருக்குத் தனியாகச் சில ஷில்லிங். வெளியூர்ப் பெட்டைகள் தங்க நல்ல மேய்ச்சல் நிலம் உண்டு, கவனமாகப் பார்த்துக்கொள்வோம், ஆனால் எதற்கும் பொறுப்பேற்க மாட்டோம். சில குதிரைகள் ஒரே பண்ணையில் நின்று தொழில் பார்த்தன. சில குதிரைகள் ஊர் ஊராக நடந்தன: இன்ன கிழமை இன்ன பண்ணை, இரவு இன்ன சத்திரம் என்று பயணத் திட்டமே அச்சாகும். நாலைந்து பெட்டைகள் மட்டும் வைத்திருக்கும் விவசாயி தனியாக ஒரு ஆண் குதிரைக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. அதனால் வாசலுக்கே வரவழைத்தார்கள்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பத்தி. 1788இல் முதல் கைதிக் கப்பல்கள் நியூ சவுத் வேல்ஸில் கரை தட்டியபோது, வழியில் நன்னம்பிக்கை முனையில் ஏற்றிய குதிரைகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. 1803இல் ‘சிட்னி கெசட்’ தொடங்கியது; விளம்பரத்துக்கு இடம் கிடைத்தது. அதே காலத்தில் ராபர்ட் கேம்ப்பெல் என்ற வணிகர் இந்தியாவிலிருந்து ‘ஹெக்டர்’ என்ற பொலிகுதிரையைத் தருவித்தார். அது பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லிக்குச் சொந்தமாக இருந்ததாம். விற்கிற குதிரைக்கெல்லாம் ஒரு பிரபு கிடைத்துவிடுவார் என்பதால் இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பிற்பாடு ஓட்டம் திரும்பியது. நியூ சவுத் வேல்ஸ் குதிரைகள் ‘வேலர்’ என்ற பெயரோடு, இங்கிருந்த ராணுவத்துக்காக மதராஸிலும் கல்கத்தாவிலும் வந்து இறங்கின. வரலாறு போதும்.

விஷயம் பெட்டையின் மூளைக்குள், பீனியல் சுரப்பியில் இருக்கிறது. அதை ஒரு இரவு வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டியதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. விடிந்ததும் இன்னொரு கையெழுத்து. அந்த மை மெலடோனின். இரவு நீண்டால் பதிவேட்டில் மணி கூடும், சுருங்கினால் குறையும். உள்ளே உட்கார்ந்திருக்கும் மேனேஜர், அதாவது ஹைப்போதலாமஸ், வானத்தைப் பார்ப்பதே இல்லை, பதிவேட்டைத்தான் பார்க்கிறது. மணி கூடுதலாக இருக்கும்வரை சினைப்பைக்குப் போகும் உத்தரவை நிறுத்திவைக்கிறது. மணி குறையத் தொடங்கினால், வசந்தம் வந்தாயிற்று, கடையைத் திற என்கிறது.

என்னைக் கவர்ந்தது இதற்கு அடுத்த படி. குளிர்நாட்டு வெள்ளாட்டுக்கும் இதே வாட்ச்மேன், இதே மை, இதே பதிவேடு. ஆனால் அங்கே மேனேஜர் தலைகீழ்: இரவு நீளும்போதுதான் கடை திறக்கிறார். காரணம் எளிய கணக்கு. ஆட்டுக்குச் சினைக்காலம் 5 மாதம். இலையுதிர் காலத்தில் சினையானால் வசந்தத்தில் குட்டி. குதிரைக்குச் சுமார் 11 மாதம். வசந்தத்தில் சினையானால்தான் அடுத்த வசந்தத்தில் குட்டி. இரண்டுக்கும் குறி ஒன்றே: பால் கொடுக்கும் தாய்க்குப் பச்சைப்புல் வேண்டும். மையை மாற்றாமல், அதைப் படிக்கும் விதத்தை மட்டும் மாற்றி இயற்கை காரியத்தை முடித்திருக்கிறது. (நம் ஊர் ஆடு ஏன் வருஷம் முழுக்கக் குட்டி போடுகிறது என்று கேட்பீர்கள். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சிட்னியில் சுமார் நாலரை மணி நேரம் வித்தியாசம். சென்னையில் ஒன்றரை மணிதான். இங்கே வாட்ச்மேன் எழுதுவதெல்லாம் ஏறக்குறைய ஒரே எண்.)

வாட்ச்மேனை ஏமாற்றலாமா? தாராளமாக. குளிர்காலத்தில் லாயத்தில் விளக்குப் போட்டு, பகலை 16 மணி நேரமாக நீட்டினால், இரண்டு இரண்டரை மாதத்தில் பெட்டை முன்கூட்டியே பருவத்துக்கு வந்துவிடும். ஒரே கண்ணில் நீல ஒளி படும்படி முகமூடி மாட்டினாலும் போதும். ஒரு ஜன்னல் வெளிச்சமே அவருக்கு விடியல். ஆனால் 24 மணி நேரமும் விளக்கெரித்தால் பலன் கூடாது, குறையும். கையெழுத்தே இல்லாத பதிவேட்டை வைத்து மேனேஜர் என்ன முடிவெடுப்பார்? சம்பளம், போனஸ் என்று இந்த உவமையை இன்னும் இழுக்கலாம்; சுரப்பிக்குச் சங்கம் கிடையாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

பூமத்திய ரேகையைத் தாண்டும்போது இந்த ஏற்பாடு சிக்கலாகிறது. இங்கிலாந்தில் மே மாதம் சினையான பெட்டையைக் கப்பலேற்றினால், அது சிட்னியில் ஏப்ரலில் ஈனும். அங்கே அப்போது குளிர்காலம் வாசலில் நிற்கும். கருப்பையிலிருக்கும் குட்டிக்குத் தேதியை மாற்றிக்கொள்ள வழியில்லை. ஈன்றபின் தாய் மெல்ல மெல்லப் புது ஊர்ப் பதிவேட்டுக்குப் பழகிக்கொள்ளும்.

கடை திறந்தாலும் வியாபாரம் உடனே சூடுபிடிக்காது. பருவத் தொடக்கத்தில் பெட்டை வாரக்கணக்கில் பருவ அறிகுறிகளைக் காட்டும். முட்டை மட்டும் வெளியே வராது. அந்தச் சமயத்தில் எத்தனை முறை சேர்த்தாலும் வீண். சினை பிடிக்காவிட்டால் பழி யார்மேல் விழும் என்று சொல்லவா வேண்டும்? ஆண் குதிரைமேல்தான்.

பிறகு ஒழுங்கு பிடிக்கும். 21 நாளுக்கு ஒரு சுற்று. அதில் 5 முதல் 7 நாள் பருவம். முட்டை வருவது அதன் கடைசி ஓரிரு நாளில். வாரம் ஒருமுறை வந்துபோகும் குதிரையின் நடைப்பயணம் இதற்கு ஏறக்குறையப் பொருந்துகிறது என்பதைக் கவனியுங்கள். ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், சத்திரக் கணக்கும் சினைப்பைக் கணக்கும் ஒத்துப்போயிருக்கின்றன. முதல் சேர்க்கைக்கு மூன்று வாரம் கழித்துப் பெட்டையை மறுபடி சோதித்துப் பார்ப்பார்கள். ஆண் குதிரையை அண்டவிடாவிட்டால் சினை பிடித்திருக்கும் என்று நம்பிக்கை.

அந்தச் சோதனைக்கு ஒரு மரத்தடுப்பு போதும். ஒரு பக்கம் பெட்டை, மறுபக்கம் ஆண். பருவமில்லாத பெட்டை காதைப் பின்னால் மடித்து, வாலை இறுக்கிக்கொண்டு, கீச்சென்று கத்தி உதைக்கும், பலகை தெறிக்கும். பருவத்திலிருப்பது வாலை ஒதுக்கி, பின்கால்களைச் சற்றே அகட்டி, சிறுகச் சிறுக நீர் விடும். ஆண் அதை முகர்ந்து, கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டி நிற்கும். பார்க்கச் சிரிப்பது போலிருக்கும். உண்மையில் வாடையை மூக்கின் அடியிலுள்ள தனி உறுப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது. அரைப் பத்தி வம்சாவளியைப் பெட்டை படித்ததே இல்லை.

அந்த வம்சாவளியை நாமும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம். விளம்பரத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் அணிவகுக்கிறார்கள். குட்டியின் மரபணுவில் பாதி தாயுடையது. மைட்டோகாண்ட்ரியா முழுக்கத் தாயுடையது. தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தின் இன்றைய ஆண் குதிரைகளில் சுமார் 95 சதவீதம் டார்லி அரேபியன் என்ற ஒரே குதிரையின் நேர்வழி வாரிசுகள் என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த நேர்வழியில் மாறாமல் வருவது ஒய் குரோமோசோம். அதிலிருக்கும் மரபணுக்கள் சொற்பம். 2010இல் ‘வேக மரபணு’ என்று ஒன்று பரபரப்பானது. மயோஸ்டேட்டின் மரபணுவின் வகையை வைத்து, ஒரு குதிரை குறுந்தூரத்துக்கா நெடுந்தூரத்துக்கா எனக் கணிக்கலாம். பயனுள்ள கண்டுபிடிப்பு, வெற்றி மரபணு அல்ல.

தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு இன்றும் அனுமதி இல்லை. அதனால் பொலிகுதிரைகள் இன்றும் ஊர் ஊராகப் போகின்றன, விமானத்தில்: வடக்கே பருவம் முடிந்ததும் ஆஸ்திரேலியா, அங்கே முடிந்ததும் திரும்ப. பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் வடக்கே ஜனவரி 1, ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட் 1 பிறந்தநாள் என்று விதி. டிசம்பரில் பிறந்த வடநாட்டுக் குட்டிக்குச் சில நாளிலேயே ஒரு வயது. ஆகவே எல்லோருக்கும் ஜனவரிக் குட்டி வேண்டும். அதற்காகப் பிப்ரவரி நடுவிலேயே சேர்க்கை தொடங்குகிறது. அதற்காகக் குளிர்காலம் முழுக்க விளக்கு எரிகிறது. பெட்டையின் சுரப்பி சொல்வதோ மே, ஜூன். பிறந்தநாளை இரண்டு மூன்று மாதம் தள்ளிவைத்தால் விளக்கும் முகமூடியும் பாதிக்குப் பாதி தேவைப்படாது. ஆனால் விதியைத் திருத்துவதைவிடச் சுரப்பியைத் திருத்துவது சுலபம் என்று பந்தய உலகம் முடிவு செய்திருக்கிறது. கரன்ட் பில் கட்டுபவர்களுக்கு ஆட்சேபனை இல்லையென்றால் நமக்கென்ன?